கிளிநொச்சியிலிருந்து வானில் மலைக்குப் போய்க் கபானாவில் தங்குவது: நாலு நாளை எப்படிப் போடுவது?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். ஆடி (ஜூலை) முடிவில் கனடாவிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. அம்மா அப்பாவோடு சேர்த்து ஒன்பது பேர், அதில் மூன்று சின்னப் பிள்ளைகள். கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்டு நாலு நாளில் சிகிரியா, கண்டி, நுவரெலியா, ஓட்டன் சமவெளி, எல்ல எல்லாம் பார்க்க வேண்டும். அண்ணன் அங்கே ஆர்.வி. (உள்ளேயே படுத்துச் சமைக்கிற வண்டி) எடுத்து மலைப்பக்கம் போய்ப் பழகியவர். இங்கேயும் அப்படி ஒரு வண்டியைத் தானே ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டு, ஒரு இரவு ரென்ற்றிலும் (கூடாரத்திலும்) படுக்க ஆசைப்படுகிறார். இது சரிவருமா, எதை முதலில் ஒழுங்குபடுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பதினாலு வருடமாக ஹயஸ் வான் வைத்து ஹயர் ஓடுகிறேன். வருடத்தில் ஏழெட்டுத் தடவையாவது மலைக்கு ஏறி இறங்குவேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நாலு நாளில் அந்த ஐந்து ஊர் நடக்காது. ஓடலாம், பார்க்க முடியாது. பிள்ளைகள் சத்தி எடுத்தபடி வருவார்கள், அம்மாவுக்குக் கால் வீங்கும், அண்ணன் கடைசி நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார்.

எங்கள் பக்கத்து ஆக்கள் பயணத்தைக் கிலோமீற்றரில் கணக்குப் பார்ப்போம். ஏ9 வீதி அப்படிப் பழக்கிவிட்டது. பரந்தன், மாங்குளம், ஓமந்தை என்று நேரே கிடக்கும், மிதித்தால் போய்ச் சேரலாம். மலையில் கிலோமீற்றருக்கு மதிப்பில்லை. மணிக்கூட்டையும் உயரத்தையும் வைத்துத்தான் கணக்கு. கிளிநொச்சியிலிருந்து மாத்தளை ஏறத்தாழ 230 கிலோமீற்றர்; முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, வவுனியாவில் தேத்தண்ணி குடித்துப் போனாலும் ஆறு மணித்தியாலம் போதும். மாத்தளையிலிருந்து மேலே இலுக்கும்புர நாற்பது, ஐம்பது கிலோமீற்றர்தான். அதற்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். மழையோ புகாரோ (மூடுபனி) வந்தால் இன்னும் கூட.

அண்ணனின் ஆர்.வி. கதையை இங்கேயே முடித்துவிடுவோம். அங்கே பார்க்கில் ஒவ்வொரு வண்டிக்கும் தனி இடம், கரண்ட் குத்துவதற்குப் பிளக், தண்ணீர்க் குழாய், கழிவை ஊற்ற வழி எல்லாம் இருக்கும். எங்கள் மலைநாட்டில் அந்த ஏற்பாடு இல்லை. வெளிநாட்டுச் சுற்றுலாக்காரருக்குக் கட்டில் வைத்த கேம்பர் வான் வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது இரண்டு பேருக்கு, மிஞ்சினால் நாலு பேருக்கு. ஒன்பது பேர் எங்கே படுப்பது? அதோடு கனடா உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர் இங்கே ஓட முடியாது, தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். எடுத்தாலும் வலப்பக்க ஓட்டத்துக்குப் பழகிய கை, மலை வளைவில் எதிரே பஸ் வரும்போது எந்தப் பக்கம் ஒடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? மலை பழகின டிரைவரோடு ஒரு ஹயஸை எடுத்து, ஆர்.வி.யில் அவருக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: சொந்தச் சமையல், ஓரிடத்தில் இரண்டு இரவு, வாசலைத் திறந்தால் மலை. கபானா, அதாவது வாடகைக்குக் கொடுக்கிற தனிக்குடில், எடுத்தால் இது மூன்றும் கிடைக்கும்.

டிரைவரை இப்போதே பிடியுங்கள். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா, ஆகஸ்ட் 15 மடுப் பெருவிழா, வெளிநாட்டுச் சனம் என்று நல்ல வான் ஒன்றும் சும்மா நிற்காது.

இனி எங்கே போவது என்பது. அதைக் காற்றுத்தான் தீர்மானிக்கும். உங்களுக்குத் தெரியும், ஆடியில் எங்களுக்குச் சோளகம் அடிக்கும், புழுதி பறக்கும், குளம் வற்றும். அதே தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி மழையைக் கொட்டுகிறது. கினிகத்தேனை, ஹற்றன், நுவரெலியாவின் மேற்குப் பக்கம் எல்லாம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை ஈரம். தண்ணீரைக் கொட்டிய காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காய்ந்துவிடும். அதனால் அந்த மாதங்களில் பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல எல்லாம் வெயில். ஊவாத் தேயிலைக்கு நல்ல மணம் ஏறும் காலமும் அதுதான், ஆடியிலிருந்து புரட்டாதி வரை. அந்தக் காய்ந்த காற்றுக்குத் தேயிலைத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் பெயர் என்ன தெரியுமா? கச்சான். எங்கள் கச்சான் காற்றேதான். மார்கழி, தை வாடைக்காற்று என்றால் கதை மறுபக்கம்: கிழக்குச் சரிவுகளில் மழை. ஐப்பசி, கார்த்திகையில் எந்தப் பக்கமும் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆகவே ஆடி முடிவு என்றால் இரண்டு தெரிவு. ஒன்று ஊவாப் பக்கம். மற்றது நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கம். நாலு நாள்தான் இருக்கிறது என்றால் நான் நக்கிள்ஸைத்தான் சொல்வேன். வன்னி ஆக்களுக்கு மலை என்றால் உடனே நுவரெலியாதான் ஞாபகம் வரும், ஆனால் எங்களுக்குக் கிட்டிய மலை அதுவல்ல. எங்கள் வீட்டு வாசலால் போகிற அதே ஏ9 வீதியில் மாத்தளைக்குப் போய் இடப்பக்கம் ரத்தோட்டைக்குத் திரும்பினால் மலை ஏறத் தொடங்கிவிடும். கண்டி நெரிசலில் ஒரு நிமிடமும் நிற்கத் தேவையில்லை. அதுவும் அந்த நாட்களில் கண்டியில் எசல பெரஹெர தொடங்கினால் வீதி மூடுவார்கள், அறை விலை ஏறும். நக்கிள்ஸ் சும்மா மலையும் அல்ல. ஓட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மூன்றையும் சேர்த்து மத்திய மலைநாடு என்று 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் போட்டது.

நாட்களை இப்படிப் போடுங்கள். முதல் நாள் விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுங்கள். பத்து, பதினொன்றுக்கு மாத்தளை. அங்கே முத்துமாரியம்மன் கோயில் வீதிக் கரையிலேயே இருக்கிறது, இறங்கிக் கும்பிட்டு, கால் நீட்டி, மரக்கறியும் டீசலும் அங்கேயே வாங்குங்கள். ரத்தோட்டைக்கு மேலே பெற்றோல் செட்டை நம்பிப் போகக்கூடாது. றிவஸ்டன் கணவாயைப் பின்னேரம் மூன்று மணிக்கு முன் தாண்டிவிட வேண்டும், அதற்குப் பிறகு புகார் இறங்கத் தொடங்கும். அந்தக் கணவாயில் ஆடிக் காற்று வான் கதவைப் பிடுங்குகிற மாதிரி அடிக்கும். பிள்ளைகளைக் கையைப் பிடித்து இறக்குங்கள். அதைத் தாண்டி இறங்கினால் பிட்டவலப் பத்தனை, பிறகு இலுக்கும்புர. வனத் திணைக்களத்தின் தங்குமிடமும் அங்கே உண்டு, தனியார் கபானாக்களும் உண்டு. றிவஸ்டனை விடத் தாழ்வான இடம் என்பதால் இரவில் குளிர் அளவாகத்தான் இருக்கும், அப்பாவுக்குத் தாங்கும்.

இரண்டாம் நாள் முழுக்க அங்கேயே. காலமை பத்தனைப் புல்வெளி. நடை குறைவு, பெரியவர்களும் போகலாம். கடைசியில் சின்ன உலக முடிவு என்று ஒரு விளிம்பு வரும். அங்கே பிள்ளைகளை ஒருத்தர் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். மத்தியானம் தெல்கமு ஓயாவில் குளிப்பு. மூன்றாம் நாள் காலமை மெல்ல இறங்கி, மாத்தளையில் அளுவிகாரையைப் பார்த்து, தம்புள்ளை, சிகிரியாப் பக்கம் இரவு. நாலாம் நாள் வெயில் ஏற முன்னம் சிகிரியா. அம்மா அப்பாவைப் படி ஏற்றாதீர்கள், கீழே தோட்டத்தில் இருக்கட்டும். பின்னேரம் வீடு. நுவரெலியாவும் எல்லவும் இல்லை. அண்ணன் இன்னும் மூன்று நாள் தந்தால் பண்டாரவளையில் வீடு எடுத்து அங்கிருந்து அப்புத்தளை, எல்ல எல்லாம் போய் வரலாம். அது வேறு பயணம்.

மீமுரை அழகு என்று யாராவது சொல்வார்கள். அழகுதான். ஹுன்னஸ்கிரியவில் இருந்து உள்ளே போகும் வீதி ஹயஸுக்கானது அல்ல. வானைக் கீழே விட்டுவிட்டு ஜீப்பில் போவதென்றால் போங்கள், இந்த முறை வேண்டாம்.

கபானா பிடிக்கும்போது எல்லோரும் முன்பக்கப் படத்தைத்தான் அனுப்புவார்கள். ஊஞ்சல், மலை, புகார், கோப்பையில் தேத்தண்ணி. நீங்கள் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். மலையை நெட்டாக வெட்டி, அந்தச் சுவரோடு ஒட்டிக் கட்டியிருந்தால் மழை நாளில் அங்கே படுக்கக்கூடாது. வெட்டின மண்ணில் வெடிப்பு, சாய்ந்த மரம், கட்டடத்தில் சரிவான கீறல், முன்பில்லாத இடத்தில் ஊற்று, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று சேறாக வருவது, எல்லாம் மண் நகர்கிறது என்பதற்கு அடையாளம். 2014 ஐப்பசி 29 காலமை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் அப்படியே புதைந்தன. 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயலோடு கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் எத்தனை மலை சரிந்தது என்று எங்களுக்கே தெரியும், அந்த நாட்களில் எங்கள் பக்கமும் வெள்ளத்துக்குள் நின்றது. ஐப்பசி, கார்த்திகை வேண்டாம் என்றதன் காரணம் இதுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு பிரிவாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடும்: மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேறு. வெளிக்கிட முதல் நாள் ரத்தோட்டை, லக்கலைப் பிரிவுகளுக்கு என்ன நிறம் என்று பாருங்கள். மஞ்சளுக்கே நான் பயணத்தைப் பிந்திப் போடுவேன், காசு போனால் போகட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990. இரண்டையும் போனில் போட்டுவையுங்கள், மேலே சில இடங்களில் சிக்னல் போய்ப் போய் வரும்.

உரிமையாளரிடம் இன்னும் ஐந்து கேள்வி கேளுங்கள். ஹயஸ் வாசல் வரை வருமா, அல்லது சாமானைத் தோளில் சுமக்க வேண்டுமா? கடைசி ஏற்றம் எவ்வளவு? ஆற்றைக் கடக்க வேண்டுமா? கரண்ட் நின்றால் சுடுதண்ணி எப்படி? இரவில் பக்கத்தில் ஆள் இருக்குமா? ‘எல்லாம் ஓகே’ என்று மட்டும் சொல்பவரிடம் முற்பணம் போடாதீர்கள். ஒருமுறை நான் ஏற்றிப்போன குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது ‘வாசல் வரை றோட்டு’ என்று. றோட்டு இருந்தது உண்மை, தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற ட்ரக்ரருக்கு. ஒரு அப்பம்மாவை நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிப் போனோம்.

உங்கள் வீட்டில் யாராவது அரசாங்க உத்தியோகத்தில் இருந்தால், அவர்களின் திணைக்களத்துக்கு மலைநாட்டில் சேர்க்கிற் பங்களா இருக்கிறதா என்று விசாரியுங்கள். வாடகை குறைவு, சமைத்துத் தரக் கீப்பர் இருப்பார், பெரும்பாலும் இடமும் நல்ல இடமாக இருக்கும். ஒரே பிரச்சினை, விடுமுறைக் காலத்தில் முன்னமே எழுதிக் கொடுக்க வேண்டும். கிளிநொச்சி உத்தியோகத்தர்கள் பாதிப் பேருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது.

ரென்ற் விஷயம். அண்ணனுக்கு நான் சொன்னேன் என்று சொல்லவேண்டாம், ஆனால் அம்மா அப்பாவைக் கேட்காமல் ரென்ற் புக் பண்ணாதீர்கள். 2008, 2009 போரில் தறப்பாளுக்குக் கீழே படுத்த ஆக்கள் நாங்கள். பிறகு மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்துக்கு முன்னால் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றோம். நாலு வருடத்துக்கு முன் என் அம்மாவுக்குக் கேம்பிங் என்றால் என்ன என்று விளக்கினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “காசு குடுத்தோ கூடாரத்தில படுக்கிறது?” என்றா. அவவுக்கு அறை எடுத்தோம். பிள்ளைகள் மட்டும் வெளியே புல்லில் ரென்ற் அடித்தார்கள். கபானா வளவுக்குள் அப்படி ஒரு இரவு அண்ணனும் பிள்ளைகளும் படுக்கட்டும், போதும். காட்டுக்குள் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கவும் முடியாது, அது ஒதுக்கப்பட்ட வனம், அனுமதி வேண்டும். படுக்கும்போது மேலே போர்ப்பதை விடக் கீழே விரிப்பதுதான் முக்கியம். குளிர் நிலத்திலிருந்துதான் ஏறும். படங்கு, அதற்கு மேல் இரண்டு பாய், அதற்கு மேல் மெத்தைச் சீலை.

குளிர் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். 1000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6 பாகை குறையும். நுவரெலியா 1868 மீற்றர், எங்கள் ஊரை விடப் பதினொன்று, பன்னிரண்டு பாகை குறைவு. தை, மாசி விடியற்காலைகளில் அங்கே புல்லில் உறைபனியே பிடிக்கும். நீங்கள் போகிற உயரத்துக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் ஈர உடுப்புக் காயாது. ஆளுக்கு ஒரு சோடி காய்ந்த காலுறையைத் தனியாக, படுக்கும்போது போடுவதற்கு மட்டும் என்று பொலித்தீனில் கட்டி வையுங்கள். ஸ்வெற்றரை விட அது உதவும். அப்பாவுக்கு முட்டு இருந்தால் பம்மைக் கைப்பையில் வைக்க வேண்டும், வானின் அடியில் போகிற பெட்டிக்குள் அல்ல.

சமையலில் மலை சில வேடிக்கை காட்டும். தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒன்றும் வராது. 24 பாகைக்குக் கீழே போனால் கட்டியாகிவிடும். எங்கள் ஊரில் நாங்கள் அதைக் கண்டதே இல்லை, முதல் தடவை எண்ணெய் பழுதென்று ஒரு போத்தலை எறிந்தும் இருக்கிறோம். வாய் அகன்ற போத்தலில் கொண்டுபோய்க் கரண்டியால் தோண்டி எடுங்கள். மிக்சர்ப் பைக்கற்றுகள் பலூன் மாதிரி ஊதியிருக்கும், அது பழுதல்ல, வெளியே காற்றழுத்தம் குறைவு. உயரே தண்ணீரும் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், நுவரெலியா உயரத்தில் 94 பாகையளவில். கொதிக்கிறது என்று பார்த்து நின்றால் மொட்டைக்கறுப்பன் அரிசி வேகவே வேகாது. வெள்ளைப் பச்சையரிசி அல்லது வறுத்த மா கொண்டுபோங்கள், பருப்புக்குப் பிறஷர் குக்கர். முதல் நாளுக்குப் புளிச்சாதம், வழிக்குப் பருத்தித்துறை வடை. காஸுக்கு 2.3 கிலோச் சின்னச் சிலிண்டர் காணும், நிமிர்த்தி வைத்து அசையாமல் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

அடுப்பில் விளையாட்டே கூடாத ஒன்று இருக்கிறது. குளிருக்கென்று கரிச்சட்டியையோ காஸ் அடுப்பையோ அறைக்குள், வானுக்குள், ரென்ற்றுக்குள் எரியவிட்டுப் படுக்கவே கூடாது. பூட்டின இடத்தில் கரி எரிந்தால் காபன் மொனொக்சைட் வரும். மணமில்லை, புகையில்லை, நித்திரையிலேயே உயிர் போகும். வெளியே எரியுங்கள், அதுவும் கபானாக்காரர் காட்டுகிற குழியில் மட்டும். ஆடியில் அந்தப் புல்வெளி காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும்.

இனி வண்டி. இதில் கொஞ்சம் கூட எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வன்னியில் ஓடும் வாகனத்துக்குப் பிறேக் என்பது மாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும். மலையில் இறங்குவது வேறு வேலை. நான் மலை ஓடத் தொடங்கின இரண்டாம் வருடம், நுவரெலியாவிலிருந்து கம்பளைப் பக்கம் இறங்கினேன். பத்துப் பேர், மேலே கரியரில் சாமான். காலைப் பிறேக்கிலிருந்து எடுக்கவில்லை. றம்பொடைக்குக் கொஞ்சம் மேலே கருகின மணம் வந்தது, கிளச் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. இரண்டாம் கியருக்குத் தட்டி, கைப்பிறேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். முன் சில்லிலிருந்து புகை. கடையில் இருந்த வயதான தோட்ட டிரைவர் ஒருவர் எழும்பி வந்து சில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்கணும் தம்பி. பிரேக்கு நிக்கிறதுக்கு, எறங்குறதுக்கு இல்ல” என்றார். தண்ணீர் ஊற்றப் போன பொடியனையும் தடுத்தார், சூட்டில் தண்ணீர் பட்டால் இரும்பு வெடிக்கும் என்று. முக்கால் மணித்தியாலம் இருந்தோம். அன்றையிலிருந்து நான் அப்படித்தான் இறங்குகிறேன்.

நடப்பது இதுதான்: தொடர்ந்து மிதித்தால் கட்டையும் தட்டும் சூடேறிப் பிடிமானம் குறையும். பிறேக் எண்ணெய் பழசானால் ஈரம் குடித்திருக்கும், அந்த ஈரம் கொதித்துக் குமிழி விடும், பெடல் சும்மா போகும். ஆகவே வான் பிடிக்கும்போது டிரைவரிடம் பிறேக் எண்ணெய் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். பூ நிறைய இருந்தாலும் ஆறேழு வருடத்துக்கு மேலான ரயர் எங்கள் வெயிலில் வெடித்துப்போயிருக்கும். ஓட்டோ கியர் என்றால் டியில் விட்டு இறங்குகிறாரா, எல்லுக்கு மாற்றுகிறாரா என்று கவனியுங்கள். அதிலேயே மலை ஓடினவரா இல்லையா என்று தெரிந்துவிடும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழி விட வேண்டும். புகாருக்குள் பெரிய லைற் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், டிம் பண்ணின லைற்றில் மெல்லப் போக வேண்டும். நிறுத்தினால் கைப்பிறேக்கோடு சில்லுக்குக் கட்டையும். சந்தேகம் என்றால் டிரைவரிடம் நேரே கேளுங்கள், கோபிக்கிறவர் வேண்டாம்.

பிள்ளைகளின் சத்திக்கு: மாத்தளையில் பால் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுக்காதீர்கள். ரத்தோட்டையில் நிறுத்தி இஞ்சி பிஸ்கற் கொடுத்து, சத்தி வரும் பிள்ளையை முன் சீற்றுக்குக் கிட்ட வைத்து, போனைப் பறித்து வையுங்கள். தேசிக்காய் ஒன்று கையில் இருக்கட்டும், மணக்க. அதே தேசிக்காய் அட்டைக்கும் உதவும். ஆடியில் அட்டை குறைவு, ஆனால் காட்டு ஈரத்தில் இருக்கும். காலுறைக்கு மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டு நடங்கள். பிடித்தால் பிடுங்காமல் உப்பு அல்லது தேசிப்புளி.

ஓயாவில் குளிப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. நாங்கள் குளத்தில் நீந்திப் பழகியவர்கள், தண்ணீர் நிற்கும் என்று நினைப்போம். இரணைமடு வான்கதவு திறப்பதென்றால் முன்கூட்டியே அறிவிப்பார்கள். மலை ஓயாவுக்கு அறிவிப்பு இல்லை. உங்கள் தலைக்கு மேல் வெயில் எறிக்கும், உச்சியில் மழை பெய்திருக்கும், பத்து நிமிடத்தில் தண்ணீர் மண்ணிறமாகிச் சருகு மிதந்து வரும். அந்த நிறம் மாறினால் சவர்க்காரத்தைக்கூட எடுக்காமல் கரை ஏறுங்கள். பாறையில் பாசி, பாய்ந்து குதிப்பது வேண்டாம்.

மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் தமிழ்ச்சனம் நிறைய. எங்கள் பாரதிபுரம், மலையாளபுரம் ஆக்களுக்கு அங்கே சொந்தமும் இருக்கும். வெளிக்கிட முன்னம் பக்கத்து வீட்டில் விசாரித்துப் பாருங்கள், இணையத்தில் இல்லாத நல்ல வீடு ஒன்று அப்படிக் கிடைக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, எங்கள் வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். நீங்கள் ஏ.சி. போட்டு ஆறு மணித்தியாலத்தில் போகிற திசைதான். பிள்ளைகளுக்கு வானில் அதைச் சொல்லுங்கள். லயத்து வாசலில் வானை நிறுத்தி, கேட்காமல் படம் எடுக்கவேண்டாம். கொழுந்து பறிக்கிற அம்மாவிடம் கூடையை வாங்கித் தோளில் போட்டுப் படம் பிடிப்பது இப்போது ஒரு வழக்கமாகப் போய்விட்டது. அவவுக்கு அன்றைய நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது, நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிற நேரம் அதிலிருந்துதான் போகும்.

சாமான்களில் விடுபடுகிற மூன்றை மட்டும் சொல்கிறேன். ரோச் லைற் தலையில் கட்டுவது, போன் வெளிச்சம் போதாது. குப்பை கட்டிக் கொண்டுவரப் பழைய உரப்பை இரண்டு, காட்டுக்குள் பொலித்தீன் விடக்கூடாது. அம்மா அப்பாவின் குளிசைகள் ஆறு நாளுக்கு, நாலு நாளுக்கல்ல. றோட்டு அடைபட்டால் இரண்டு நாள் மேலேயே இருக்க நேரலாம்.

அண்ணனின் ரிக்கற் திகதி முடிவானதும் எழுதுங்கள். மாத்தளையிலும் ரத்தோட்டையிலும் எனக்குத் தெரிந்த டிரைவர்கள் இருக்கிறார்கள், றிவஸ்டன் றோட்டு அந்தக் கிழமை எப்படி என்று கேட்டுச் சொல்கிறேன்.